இலக்கியாவின் நகங்கள்

1

நகம் கடிக்கிறவர்களை நான் கடை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். கையைக் குளிர்ச்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருவார்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நாலு விரலாலும் அதை மூடியிருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பேச்சே ஒரு பொய்யாக இருக்கும். கார் கதவில் மாட்டிக்கொண்டது, தோட்டத்தில் மண் கிளறும்போது உடைந்தது, பாத்திரம் கழுவிக் கழுவித் தேய்ந்துவிட்டது. பத்து விரலும் ஒரே கதவில் எப்படி மாட்டும் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

எங்கள் கடை அடிலெய்டு நகரின் வடக்குப் புறநகரில், கோழிக்கறி பொரித்து விற்கும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. செயற்கை நகம் ஒட்டுவதும் நகத்தைச் சீராக்கிச் சாயம் பூசுவதும்தான் தொழில். முதலாளி ஹோவா, வியட்நாமிலிருந்து வந்தவள். போடிநாயக்கனூர்ச் செல்வியான நான் அங்கே வெறும் 'செல்' ஆகிவிட்டேன். ஊரில் இந்த வேலையைப் பற்றிச் சொன்னபோது என் பெரியப்பா மகன் நம்பவில்லை. "நகத்து மேல இன்னொரு நகமா? அதுக்குக் காசு வேற குடுக்குறாங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் ஏதோ வேறு வேலையை மறைக்கிறேன் என்ற முகத்தோடு எழுந்து போனார்.

நகம் கடிக்கிறவர்களுக்கு ஒட்டுவது தனி வேலை. அவர்களுக்கு நகத்தின் நுனியே இருக்காது. விரல்சதை நகத்தைத் தாண்டிப் புடைத்து நிற்கும். மற்றவர்களுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் நுனி அதில் உட்காராது. பவுடரையும் அதற்கான திரவத்தையும் தூரிகை முனையில் குழைத்து, இருக்கிற துளி நகத்தின்மேல் மெல்ல ஏற்றிப் புதிதாக ஒரு விளிம்பு கட்ட வேண்டும். இத்தனை காலம் நகமே இல்லாமல் இருந்தவர்கள் என்பதால் எல்லாரும் நீளமாகத்தான் கேட்பார்கள். கொடுக்கக்கூடாது. நீளமாகக் கட்டினால் எங்காவது இடித்து நெம்பிக்கொள்ளும். அப்படிக் கழன்று வரும்போது அடியில் இருக்கும் சொந்த நகத்தையும் ஒரு படலம் உரித்துக்கொண்டு வரும். அதனால் விரலைத் தாண்டாத அளவுக்குக் குட்டையாகக் கட்டி, ஒரே வாரத்தில் திரும்ப வரச் சொல்லுவோம். கட்டிய நகம் தடிமனாக இருப்பதால் பல்லுக்குப் பிடி கிடைக்காது. ஆனால் ஓரத்தில் கொஞ்சம் தூக்கிக்கொண்டால் போதும், பல் அதைத் தேடிப் பிடித்துவிடும்.

போன வாரம் ஒரு வெள்ளைக்கார அம்மா தன் மகளை அழைத்து வந்தாள். மகளுக்குப் பதினேழு வயது இருக்கும். கையை மேஜைமேல் வைக்க மாட்டேன் என்று மடியிலேயே வைத்திருந்தாள். அம்மாக்காரி மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி என் முன்னால் வைத்துவிட்டு, இதை ஒட்டினால் இவள் கடிப்பதை நிறுத்திவிடுவாளா என்று கேட்டாள். நிறுத்திவிடுவாள், எங்களிடம் வந்த பலர் நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொல்ல ஹோவா எங்களைப் பழக்கியிருக்கிறாள். நானும் வருஷக்கணக்காக அதைச் சொல்லி வந்தவள்தான். அன்றைக்கு என் வாயிலிருந்து அது வரவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஹோவா பக்கத்து மேஜையிலிருந்து என்னை முறைத்தாள்.

என் மகள் இலக்கியாவும் நகம் கடிக்கிறவள்தான். ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

அவள் இங்கே வரும்போது நாலு வயது. போடியில் பிறந்தவள் என்பது பாஸ்போர்ட்டில் மட்டும்தான் இருக்கிறது. பள்ளியில் அவள் பெயரை யாராலும் சொல்ல முடியாமல் 'லக்கி' என்று ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் தோழிகள் லக்கி, லக்கி என்று கூப்பிடும்போது யாரையோ தேடுகிறார்கள் என்று நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். தமிழ் பேசுவாள். ஆனால் கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அங்கே போய்விட்டால் என்னால் பின்னால் ஓட முடியாது.

ஏழு வயதில் நகம் கடிக்கத் தொடங்கினாள். எங்கள் ஊரில் எந்தத் தாயும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இந்தியச் சாமான் கடையில் வேப்பெண்ணெய் வாங்கி வந்து அவள் விரல் நுனிகளில் தடவினேன். பள்ளியில் மனநல ஆலோசகர் என்று ஒரு பெண் இருந்தாள். அவள் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். வேப்பெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. பூச்சிக்கு அடிக்கிற கசப்பு எண்ணெய், வாயில் வைத்தால் குமட்டும், அதைப் பூசுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

இரண்டு நாளில் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். சமையலறையைப் பார்த்தார்கள், எண்ணெய்ப் புட்டியைப் படம் எடுத்தார்கள், இலக்கியாவைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள். அம்மா நல்ல அம்மாதான் என்று ஏழு வயசுப் பிள்ளை சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். போகும்போது மன்னிப்புக்கூடக் கேட்டார்கள். ஆனால் இலக்கியாவுக்கு அது பெரிய அவமானமாகிப் போனது. அதன்பிறகு தன் கையை என்னிடம் காட்டுவதையே விட்டுவிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் விரலையெல்லாம் பிடித்துச் சரிபண்ணும் நான், சொந்த மகளின் கையைப் பத்து வருஷமாகத் தொடவில்லை. சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன். சில நாள் நுனியில் ரத்தம் காய்ந்து கறுத்திருக்கும்.

இதைப் போனில் சொன்னால் போடியிலிருந்து அம்மா திட்டுவாள். "வெள்ளக்காரிக்குப் பயந்து எண்ணெய நிப்பாட்டிட்டியாக்கும். பிள்ளை வெரலப் புண்ணாக்கிக்கிட்டு நிக்கிறது ஒனக்குச் சரியா இருக்கா?"

"கடிக்கிறத நிப்பாட்டுனாப் பத்தாதும்மா. ஏன் கடிக்கிறான்னு தெரியணும்ல."

"ஏன்னு என்னத்தா. கைக்கு வேல இல்ல, கடிக்கிறா."

3

போடியில் என் சிறுவயது முழுக்க ஜீப்பு நேரத்தில்தான் ஓடியது. அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். விடிவதற்கு முன்னால் தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒரு ஜீப்பில் உட்காரக்கூடிய அளவைப்போல இரண்டு பங்கு பெண்கள் ஏறுவார்கள். மலையடிவாரத்து முந்தல் கிராமத்தைத் தாண்டி மலைச்சாலையில் வளைந்து வளைந்து போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளத்துத் தோட்டங்களில் இறங்குவார்கள். மழையோ பனியோ, செடியின் தூரில் குத்தவைத்துக் காயைப் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். அம்மா நகத்தை ஒட்ட வெட்டி வைத்திருப்பாள். "நகம் பட்டாக் காயில வடு விழுந்துரும், மேஸ்திரி வைவாரு" என்பாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் வீட்டுக்குப் போக மாட்டேன். ஜீப்புகள் வந்து நிற்கும் இடத்துக்குப் போய்விடுவேன். என்னோடு படித்த மல்லிகாவும் வருவாள். அவள் அம்மாவும் மலைக்குப் போகிறவள்தான். இரண்டு பேரும் ஒரு டீக்கடைப் பக்கத்தில் நின்று மலையைப் பார்ப்போம். மேகம் இல்லாத நாளில் இறங்கி வரும் வண்டிகளின் வெளிச்சம் தெரியும், வளைவில் மறையும், திரும்பவும் தெரியும். எங்களை மாதிரி இன்னும் நாலைந்து பிள்ளைகள் நிற்பார்கள். யாரும் விளையாட மாட்டோம். எல்லார் கையும் வாயில்தான் இருக்கும்.

ஜீப்பு தாமதமாக ஆயிரம் காரணம் உண்டு. டயர் பஞ்சராகியிருக்கும், மேகம் இறங்கி வழி தெரியாமல் போயிருக்கும், பாறை சரிந்திருக்கும், காய் எடை போட நேரமாகியிருக்கும். அம்மா இறங்கி வந்ததும் முதலில் என் கையைத்தான் தட்டிவிடுவாள். "வாயில என்னடி கையி. வா வெரசா, ஒலை வைக்கணும்."

ஒரு மழைக்காலத்தில் மல்லிகாவின் அம்மா வந்த ஜீப்பு வளைவில் சறுக்கிக் கீழே போய்விட்டது. என் அம்மா பின்னால் வந்த ஜீப்பில் இருந்தாள். இரண்டு பேரும் வழக்கமாக ஒரே ஜீப்பில் வருகிறவர்கள். அன்றைக்கு இடம் இல்லையென்று டிரைவர் அம்மாவை இறக்கிவிட்டிருக்கிறார். அம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது மல்லிகா பக்கத்தில்தான் நின்றாள். எங்கம்மா எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை. இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை. மறுபடி அவள் அந்த இடத்துக்கு வரவில்லை.

அதற்குப் பிறகும் அம்மா மலைக்குப் போனாள். போகாமல் எப்படிச் சாப்பிடுவது. நான் இன்னும் முன்னதாகவே போய் நிற்கத் தொடங்கினேன். கல்யாணமாகி ஊரைவிட்டுப் போகும்வரை நின்றேன்.

4

என் வீட்டுக்காரருக்கு இங்கே லாரி ஓட்டும் வேலை. பெரிய லாரி, தூர ஓட்டம். மூன்று நாள், நாலு நாள் கழித்து வருவார். வருகிற நாளில் இத்தனை மணிக்கு என்று சொல்லுவார், அதற்குத் தகுந்த மாதிரி நான் தோசைக்கல்லைப் போடுவேன். கொஞ்சம் தாமதமானால் அடுப்பை அணைத்துவிட்டு முன்னறை ஜன்னலில் போய்த் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஓட்டும்போது போன் பேசக்கூடாது என்பதால் கூப்பிடவும் மாட்டேன். அவர் வந்து, "ஏன் செல்வி இருட்டுல நிக்கிற?" என்பார். சும்மாதான் என்பேன். இலக்கியா தன் அறையில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. கடல் சம்பந்தமான படிப்பு ஒன்றைப் பெர்த்தில் போய்ப் படிக்க வேண்டும் என்றாள். இதே படிப்பு இங்கே வீட்டிலிருந்து பஸ்சில் போகும் தூரத்தில் இருக்கும்போது எதற்கு விமானம் ஏறிப் போக வேண்டும் என்று நான் மறுத்தேன். அவள் ஆங்கிலத்துக்குப் போனாள். வாரக்கணக்கில் வீட்டில் சண்டை.

நடுவில் குளிர்கால விடுமுறை வந்தது. தோழி ஒருத்தியின் குடும்பத்துக்கு வெளியூரில் கோதுமைப் பண்ணை இருக்கிறது, இரண்டு வாரம் போய்வருகிறேன் என்றாள். சண்டை ஓயட்டும் என்று அனுப்பினேன். திரும்பி வந்து பையை இறக்கும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். பத்து நகத்திலும் நுனியில் நூல் மாதிரி வெள்ளையாக ஒரு விளிம்பு. இரண்டு வாரம் பல் படாமல் இருந்தால்தான் அவ்வளவு வரும். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள், ஆனால் கையை மறைக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே போடிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"பெறகு எப்பிடி நின்னுச்சாம்?" என்று அம்மா கேட்டாள். "அங்க போயி யாரு எண்ணெய தேச்சா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை, உடையாமல் இருக்க மேலே ஒரு மெல்லிய பூச்சு போட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். சரி என்று சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். பத்து வருஷம் கழித்து அந்தக் கை. விரல்கள் என் அம்மாவின் விரல்களைப்போல நீளமாக இருந்தன. அது எனக்கு அதுவரை தெரியாது. அழுகை வந்துவிடும் என்று, வேலைக்காக மாட்டியிருந்த முகமூடியை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அங்க காத்து நல்லா இருந்துச்சோ? கை வாய்க்கே போகல போல," என்றேன்.

"கடிக்கணும்னே தோணலம்மா."

"ஏனாம்?"

"அங்க யாரும் ஜன்னல்ல நிக்க மாட்டாங்க. அந்த அங்கிள் டிராக்டர எடுத்துட்டுப் போனா எப்ப வருவாருன்னு யாருக்கும் தெரியாது. கேக்கவும் மாட்டாங்க. வந்தா சாப்பிடுவாரு."

நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

"நீ அடுப்ப அணைப்பல்ல, டக்குன்னு. அது ரூம்ல கேக்கும். அப்பா லேட்டுன்னு தெரிஞ்சிரும். நீ திரும்ப அடுப்பப் பத்தவைக்கிற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். சின்னப் பிள்ளையில இருந்து."

"காதுல பாட்டுக் கேப்பியே."

"பாட்டெல்லாம் ஓடாதும்மா. சும்மா மாட்டியிருப்பேன்."

அன்றைக்குத்தான் அவளிடம் ஜீப்பு நிற்கும் இடத்தைப் பற்றிச் சொன்னேன். மல்லிகாவைப் பற்றியும் சொன்னேன். மலைச்சாலையையோ ஏலச்செடியையோ பார்க்காத பிள்ளைக்கு எதுவரை புரியும் என்று தெரியாமல்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"ஆனா உங்கம்மா வந்துட்டாங்கல்ல?"

"வந்துட்டா."

"தெனமுமே வந்துட்டாங்கல்ல?"

"தெனமும் வந்தா."

"பெறகு ஏம்மா?"

மிச்சமிருந்த விரல்களுக்குப் பூச்சுப் போட்டு முடித்தேன். இனிமேல் நிற்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். பெர்த் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டது, இனி சரியாகிவிடும், பிள்ளை வீட்டோடு இருப்பாள் என்று என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

அந்த வியாழக்கிழமை வடக்கே மழையில் சாலையை அடைத்துவிட்டார்கள். வழியில் எங்கோ சிக்னல் இல்லாத இடத்தில் வீட்டுக்காரரின் லாரி நின்றுவிட்டது. நான் அடுப்பை அணைக்கவில்லை. ஜன்னலுக்கும் போகவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று தோசைக்கல்லின் முன்னாலேயே நின்று, வேண்டாத தோசையாகச் சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகு அவர் போன் வந்தது, மறுநாள்தான் வர முடியும் என்றார். இலக்கியா சாப்பிட வந்தாள். இடது கையில் நாலு விரலில் பூச்சு இல்லை. ஓரத்தில் பல்லால் நெம்பி உரித்திருந்தாள். சொந்த நகத்தின் மேல்படலமும் அதோடு வந்து, அடியில் சிவப்பாகத் தெரிந்தது.

"நீ ஜன்னலுக்குப் போகல, தெரியும்," என்றாள். "ஆனா இத்தன தோச யாருக்கும்மா?"

தட்டில் பதினைந்து பேர் சாப்பிடுகிற அளவுக்குத் தோசை இருந்தது. அப்போது எனக்கு விளங்கிவிட்டது. நான் நின்றாலும் நிற்காவிட்டாலும் இந்தப் பிள்ளைக்குக் கேட்கும். அடுப்படியில் நான் மூச்சு விடுவதைக்கூட அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மஞ்சள்தூள் வைக்கப் போனேன், வேண்டாமென்று கையை இழுத்துக்கொள்ளாமல் நீட்டினாள். வைத்துவிட்டு, பெர்த்துக்கே விண்ணப்பம் போடு என்று சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

5

பிப்ரவரியில் போனாள். விமான நிலையத்தில் அவளே ஒரு ஏற்பாடு சொன்னாள். போய்ச் சேர்ந்துவிட்டேன், வெளியே போகிறேன், அறைக்கு வந்துவிட்டேன் என்று எந்தச் செய்தியும் போட மாட்டேன், போட்டால் நீ அடுத்ததற்குக் காத்திருப்பாய் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பேசுவோம், அவ்வளவுதான். போடிக்குப் போன் போட்டு என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "என்ன பிள்ள வளத்திருக்க, கல்லு மாதிரி" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "எந்த ஊரு அது, மலையா, சமதரையா?" என்று கேட்டாள். சமதரைதான் என்றேன். "அப்பச் சரி" என்றாள்.

வீட்டில் இப்போது நான் விருப்பம்போல ஜன்னலில் நிற்கிறேன். அடுப்பை அணைக்கிறேன், பத்தவைக்கிறேன். கேட்க ஆள் இல்லை. அவள் அறையைக் கூட்டும்போது மட்டும் கஷ்டமாக இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோம். அறைத்தோழி, சாப்பாடு, படகில் போனது என்று ஏதேதோ சொன்னாள். பேச்சுக்கு நடுவில் தலைமுடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். கையைக் காட்டு என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் கேமராவின் முன்னால் விரித்தாள். பத்து நகமும் விரலைத் தாண்டி வளர்ந்து, ஒரே வளைவாக, ஓரம் பிசிறில்லாமல் இருந்தன. பதினொரு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அவ்வளவு நல்ல கை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை. அதில் என் வேலை எதுவும் இல்லை. நான் பக்கத்தில் இல்லாததால் வந்த நகங்கள் அவை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"நல்லாருக்காம்மா?" என்றாள்.

"நல்லாருக்குடா. ரொம்ப நல்லாருக்கு."

"அடுத்த வாரம் லீவும்மா. டிக்கெட் பாக்கட்டுமா? ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போறேன்."

அவள் வருவாள் என்று நான் ஏற்கெனவே அவள் மெத்தைக்குப் புது உறை மாட்டி வைத்திருந்தேன். வீட்டுக்காரர் அந்த வாரம் ஓட்டத்தில் இருப்பார், வியாழக்கிழமை வருவார். அந்தக் கைகளை இன்னும் ஒருமுறை பார்த்தேன்.

"ஈஸ்டருக்குக் கடையில சோலி நெறையக் கெடக்குடா. ஒன்னோட ஒக்காந்து பேசக்கூட முடியாது. அடுத்த லீவுக்கு வா," என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் வாடியது. சரிம்மா என்று சொல்லிவிட்டுக் கைகளைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

அந்த வாரம் கடையில் எனக்கு ஒரு சோலியும் இல்லை. ஹோவா கடையைப் பூட்டிவிட்டு வியட்நாமுக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள்.